முப்பது பேருக்கு ஒரு ஸ்டேட்டா: சர்வர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் அதை லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் எழுதுபவை. ரிக்ரெஷன் எவ்வளவு வேகம், வரைபடம் எப்படி வருகிறது, விலை கட்டுமா என்பதோடு முடிந்துவிடும். நான் பார்ப்பது வேறு பக்கம். பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்றின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஸ்டேட்டா எம்பி 18 ஓடுகிறது. கணினியின் பல கோர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வகைதான் எம்பி. முனைவர் பட்ட மாணவர்கள், ஆய்வு உதவியாளர்கள், பேராசிரியர்கள் என்று முப்பது பேருக்கு அதில் கணக்கு இருக்கிறது. மென்பொருள் ஒன்றுதான். ஆனால் அதன் மேல் ஆளாளுக்கு இறக்கிக்கொள்ளும் கூடுதல் கட்டளைகள் ஏராளம். இந்தக் கூட்டுக்குடித்தனத்தை ஸ்டேட்டா எப்படித் தாங்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் பகிரும் சர்வருக்குத் தேவையான எல்லாம் ஸ்டேட்டாவுக்குள் இருக்கிறது. ஆனால் அதில் பாதி, அட்மின் போய்த் திறக்காதவரை மூடியே கிடக்கும். பெட்டியைப் பிரித்து நிறுவிவிட்டு அப்படியே விட்டுவிட்டால், ஒரே சர்வரில் முப்பது வெவ்வேறு ஸ்டேட்டா ஓடும்.

நிறுவுவது எளிது. கோப்பைப் பிரித்து, இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டை ஓட்டி, வரிசை எண்ணையும் உரிமக் குறியீட்டையும் கொடுத்தால் வேலை முடிந்தது. தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்பும் தன் எண்ணோடு தனி ஃபோல்டரில் உட்காரும் என்பதால், பழையதை அழிக்காமலே புதியதைப் பக்கத்தில் வைக்கலாம்.

இனி கூடுதல் கட்டளைகள். ஸ்டேட்டாவுக்குள் 'சிஸ்டிர்' என்று அடித்துப் பாருங்கள். அது எந்தெந்த ஃபோல்டரில் நிரல்களைத் தேடுகிறது என்று ஒரு பட்டியல் வரும். 'பேஸ்' என்பது ஸ்டேட்டாகார்ப் கொடுக்கும் அதிகாரப்பூர்வக் கட்டளைகள் இருக்கும் இடம். 'பிளஸ்' என்பது இணையத்திலிருந்து நீங்கள் இறக்குபவை போய்ச் சேரும் இடம். 'பர்சனல்' நீங்களே எழுதியவற்றுக்கு. இந்த இரண்டும் லினக்ஸில் ஒவ்வொருவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும். இன்னொன்று உண்டு, பலர் கவனிப்பதே இல்லை: 'சைட்'. இது எல்லாருக்கும் பொதுவான இடம். ஸ்டேட்டா நிறுவப்பட்ட ஃபோல்டருக்கு வெளியே, யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே 'அடோ' என்ற பெயரில் அதைத் தேடும். வெளியே இருப்பதால் ஸ்டேட்டாவை 17இலிருந்து 18க்கு மாற்றினாலும் அதில் இருப்பவை அப்படியே இருக்கும். பலர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று யாரோ ஆரம்பத்திலேயே யோசித்திருக்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

ஆனால் யாரும் எதையும் மாற்றாவிட்டால், பயனர் 'எஸ்எஸ்சி இன்ஸ்டால்' என்று அடித்து இணையக் காப்பகத்திலிருந்து இறக்குவது எல்லாம் அவரவர் பிளஸ்ஸுக்குத்தான் போகும். சைட் காலியாகவே கிடக்கும். முப்பது பேர் எஸ்ட்அவுட் என்ற கூடுதல் கட்டளையை இறக்கினால் முப்பது பிரதிகள். வட்டில் இடம் போவது பெரிய விஷயமில்லை. அடோ கோப்புகள், அதாவது இந்தக் கூடுதல் கட்டளைகளின் நிரல்கள், சின்ன உரைக் கோப்புகள்தான். ஒவ்வொருவரிடமும் இருக்கும் பதிப்பு வேறாக இருப்பதுதான் பிரச்சினை.

எங்கள் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பேர், ஒரே டூ ஃபைலை (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு), ஒரே தரவின் மீது, ஒரே சர்வரில் ஓட்டினார்கள். குணகங்கள் ஒன்றாக வந்தன. நிலைப்பிழை மட்டும் மூன்றாம் தசமத்தில் வேறாக இருந்தது. "அண்ணா, சர்வர்ல ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சர்வரில் எதுவும் மாறவில்லை. இருவர் திரையிலும் 'விச்' என்று அடித்து, பக்கத்தில் அவர்கள் பயன்படுத்திய கூடுதல் கட்டளையின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். நான் தினமும் பயன்படுத்தும் கட்டளை இந்த 'விச்'. ஒரு நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்பதையும், அதன் ஆசிரியர் முதல் வரிகளில் எழுதிவைத்த பதிப்பு எண்ணையும் தேதியையும் அப்படியே காட்டிவிடும். ஒருவருடையது அவர் எம்ஏ படித்த காலத்தில் இறக்கியது. கணக்கோடு கூடவே வந்துகொண்டிருந்தது. மற்றவருடையது அந்த மாதம் இறக்கியது. நடுவில் அந்தப் பேக்கேஜ் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) சுதந்திரப் படிகளை எண்ணும் முறையே மாறியிருந்தது.

இந்த இடத்தில் ஸ்டேட்டாவின் பெருமை ஒன்றையும் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டூ ஃபைலின் தலையில் 'வெர்ஷன் 13' என்று எழுதினால், பதிப்பு 18 கூடப் பதிமூன்றைப் போலவே அதைப் புரிந்துகொள்ளும். பத்தாண்டுக்கு முன் எழுதிய நிரல் இன்றும் ஓடுகிறது. வேறெந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் இவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த உத்தரவாதம் அதிகாரப்பூர்வக் கட்டளைகளுக்கு மட்டும்தான். பயனர்கள் எழுதிப் பகிரும் பேக்கேஜுகளை அது கட்டுப்படுத்தாது. இன்றைய பொருளாதார ஆய்வில் பாதி வேலை அந்தப் பேக்கேஜுகளில்தான் நடக்கிறது: ரெக்எச்டிஎஃப்இ, ஐவிரெக்2, எஸ்ட்அவுட், கோயெஃப்பிளாட்.

அவற்றில் பெரும்பாலானவை இருக்கும் இடம் எஸ்எஸ்சி காப்பகம். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் 1997 முதல் இருக்கிறது. கிறிஸ்டோபர் பாம் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதைக் கவனித்துவருகிறார். இலவசம், ஒரே வரியில் இறங்கிவிடும், இத்தனை ஆண்டாக நின்று நிலைத்திருக்கிறது. அந்த உழைப்புக்கு நாம் எல்லாருமே கடன்பட்டவர்கள். ஆனால் அதில் ஒவ்வொரு பேக்கேஜின் இப்போதைய பதிப்பு மட்டும்தான் கிடைக்கும். ஆசிரியர் புதியதை ஏற்றியதும் பழையது அதன் இடத்திலிருந்து போய்விடும். ஆர் மொழியின் கிரான் களஞ்சியத்தில் பழைய பதிப்புகள் எல்லாம் ஆவணமாக இருக்கும்; தேதி பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேட்டாவில் அந்த வசதி உள்ளேயே இல்லாதது பெரிய குறை. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் இதழ்கள் 2019 முதல் கட்டுரையை ஏற்கும் முன்பே அதன் தரவையும் நிரலையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்கின்றன. இப்படிப்பட்ட காலத்தில் நின்றுகொண்டு பார்த்தால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அதனால் சர்வரை வைத்திருப்பவர்தான் அந்த வேலையையும் செய்ய வேண்டும். நான் செய்திருக்கும் ஏற்பாடு இதுதான். ஸ்டேட்டாவை அட்மின் கணக்கில் திறந்து 'நெட் செட் அடோ சைட்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அந்த அமர்வில் இறக்கும் எல்லாம் பொது ஃபோல்டருக்குப் போகும். எல்லாரும் கேட்கும் பேக்கேஜுகளை அங்கே வைத்தேன். எதை வைப்பது என்று குழம்புபவர்கள் 'எஸ்எஸ்சி ஹாட்' என்று அடித்தால் அதிகம் இறக்கப்படும் பேக்கேஜுகளின் பட்டியல் வரும், அங்கிருந்து தொடங்கலாம். ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி ஒரு சிறிய குழுவுக்கு மட்டும், படிக்கும் அனுமதி எல்லாருக்கும். அட்மின் கணக்கின் யூமாஸ்க் (புதிய கோப்புகளுக்கு அனுமதியைத் தீர்மானிக்கும் அமைப்பு) கடுமையாக இருந்தால் இறக்கியவற்றை மற்றவர்கள் படிக்க முடியாமல் போகும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது ஃபோல்டர் முழுவதையும் தேதியிட்டுப் பிரதி எடுத்துவைக்கிறேன். உள்ளே 'ஸ்டேட்டா டாட் டிஆர்கே' என்றொரு உரைக் கோப்பு இருக்கும். எந்தப் பேக்கேஜ், எங்கிருந்து, என்று நிறுவப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் பதிவாகிறது. பிரதியில் அது விடுபடக் கூடாது.

பொது ஃபோல்டரின் இன்னொரு நன்மை, புதிதாக வருபவர்களுக்கு. எஸ்எஸ்சி இன்ஸ்டால் ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜுகளைத் தானாக இறக்காது. ஐவிரெக்2க்கு ரேங்க்டெஸ்ட் வேண்டும், ரெக்எச்டிஎஃப்இக்கு எஃப்டூல்ஸ் வேண்டும். முதல் வாரம் ஸ்டேட்டா திறக்கும் மாணவிக்கு இது தெரிய வழியில்லை. சைட்டில் ஒருமுறை ஒழுங்காக வைத்துவிட்டால் அவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். ஸ்டேட்டா ஒரு கட்டளையைத் தேடும் வரிசை இது: முதலில் பேஸ், அடுத்து சைட், அப்புறம் நீங்கள் நிற்கும் ஃபோல்டர், பர்சனல், பிளஸ், கடைசியில் பழைய காலத்து ஓல்ட்பிளேஸ். அதாவது பயனரின் சொந்தப் பிரதிக்கு முன்னால் பொதுப் பிரதி வந்து நிற்கும். ஒரு ஆய்வாளர் புதிய பதிப்பில் வந்த ஒரு விருப்பத்தைப் பயன்படுத்த ஆசைப்பட்டு, தன் கணக்கில் ரிப்ளேஸ் போட்டு இறக்குகிறார். இறங்கியது என்று ஸ்டேட்டா சொல்கிறது. டூ ஃபைலை ஓட்டினால், அப்படி ஒரு விருப்பம் கிடையாது என்று 198 பிழை வருகிறது. மறுபடி இறக்குகிறார், மறுபடி அதே பிழை. சைட்டில் இருக்கும் பழையது அவருடைய புதியதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரியும் வராது. 'விச்' அடித்து, கூடவே 'ஆல்' என்ற விருப்பத்தையும் கொடுத்தால் இரண்டு பிரதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். அது தெரிந்தவர் எத்தனை பேர்?

இதற்குத் தீர்வு அட்மின் கையில் இருக்கிறது. ஸ்டேட்டா நிறுவியிருக்கும் ஃபோல்டரில் 'சிஸ்புரொஃபைல் டாட் டூ' என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால், யார் திறந்தாலும் முதலில் அது ஓடும். பயனரின் சொந்த 'புரொஃபைல் டாட் டூ' அதற்குப் பிறகுதான். அந்தக் கோப்பில் அடோபாத் கட்டளையால் சைட்டை வரிசையிலிருந்து எடுத்து, மறுபடி கடைசியில் சேர்த்துவிட்டேன். இரண்டே வரி. இப்போது ஒருவர் சொந்தமாக இறக்கியிருந்தால் அது ஓடும், இல்லாவிட்டால் பொதுவானது ஓடும். சில அட்மின்கள் மாறாக பிளஸ்ஸை எல்லாவற்றுக்கும் முன்னால் தள்ளச் சொல்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. பிளஸ் முன்னால் போனால் பேஸையும் தாண்டிவிடும். அதிகாரப்பூர்வக் கட்டளையின் பெயரிலேயே யாரோ எழுதிய ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

கட்டுரை அனுப்பும் நிலைக்கு வந்த திட்டங்களுக்கு இதுவும் போதாது. அவர்களுக்கு நான் சொல்வது: திட்ட ஃபோல்டருக்குள்ளேயே ஒரு அடோ ஃபோல்டர் வைத்து, முதன்மை டூ ஃபைலின் முதல் வரியில் 'சிஸ்டிர் செட் பிளஸ்' என்று அதைக் காட்டிவிடுங்கள். அந்தத் திட்டத்துக்கு வேண்டிய பேக்கேஜுகள் அதற்குள்ளேயே இருக்கும்; இதழுக்கு அனுப்பும் பொதியிலும் அவை கூடவே போகும். மேலே சொன்ன இரண்டு பேரும் இப்போது இப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

நினைவகம் இன்னொரு பெரிய விஷயம். எங்கள் ஆட்கள் அதிகம் திறப்பது தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21. பெண்கள் கோப்பில் மட்டும் 7,24,115 பேர். மாறிகள் பல ஆயிரம். ஸ்டேட்டாவின் பிஇ வகையில் 2,048 மாறிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆக இந்தக் கோப்பு முழுதாக அதில் திறக்காது. எஸ்இ 32,767 வரையும், எம்பி 1,20,000 வரையும் தாங்கும். தாங்கும் என்பதற்காக எல்லாரும் முழுக் கோப்பையும் ஏற்றினால் சர்வரின் கதி என்ன? இரண்டு பேர் ஏற்றி, அதன் மேல் இன்னொரு கோப்பை இணைக்கும் மெர்ஜ் போட்டாலே மற்றவர்களுக்கு மூச்சுமுட்டும். 'யூஸ்' கட்டளையில் வேண்டிய மாறிகளின் பெயரைக் கொடுத்து, அவற்றை மட்டும் ஏற்றலாம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் காட்டிக்கொடுப்பது அதைத்தான்.

ஸ்டேட்டாவின் உதவிப் பக்கமே லினக்ஸ்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறது: உச்ச நினைவக அளவைக் கட்டாயம் அமையுங்கள் என்று. காரணம் லினக்ஸின் பழக்கம். கேட்கும்போது நினைவகம் இருக்கிறது என்று தாராளமாகத் தலையாட்டிவிடும். பிறகு உண்மையிலேயே தீர்ந்துபோகும்போது ஏதோ ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். கொல்லப்படுவது பேராசை பிடித்த நிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த இன்னொருவருடைய வேலையாகவும் இருக்கலாம். 'செட் மேக்ஸ்_மெமரி' வரியை மேலே சொன்ன 'சிஸ்புரொஃபைல் டாட் டூ' என்ற பொதுக் கோப்பில் போட்டுவிட்டால், எல்லை தாண்டுபவருக்கு மட்டும் பிழை வரும், மற்றவர்கள் பிழைப்பார்கள். பயனர் நினைத்தால் அந்த எல்லையைத் தானே உயர்த்திக்கொள்ளலாம் என்பதால் லினக்ஸின் சிஸ்டம்டி பக்கத்திலும் ஆளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்.

அதே கோப்பில், ஒரு அமர்வு எடுக்கும் கோர்களைக் கட்டுப்படுத்தும் 'செட் பிராசசர்ஸ்' வரியும் உண்டு. எம்பி உரிமம் எத்தனை கோர்களுக்கு வாங்கினீர்களோ அத்தனையையும் ஒவ்வொரு அமர்வும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பத்து பேர் ஒரே நேரத்தில் வந்தால் எல்லாருக்குமே மெதுவாகிவிடும். பிறகு தற்காலிகக் கோப்புகள். எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டேட்டா அவற்றை டெம்ப் ஃபோல்டரில் எழுதும். அது வட்டின் சிறிய பிரிவில் இருந்தால் ஒருவருடைய வேலையே அதை நிரப்பிவிடும். பாதியில் செத்த அமர்வுகளின் கோப்புகள், எஸ்டி என்று தொடங்கும் பெயரில், அங்கேயே கிடக்கும். ஸ்டேட்டாடிஎம்பி என்ற சூழல் மாறியைப் பெரிய வட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பழையவற்றை வாரம் ஒருமுறை துடைக்க, லினக்ஸ் தானாக ஓட்டும் ஒரு 'க்ரான்' வேலை போதும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வரும் ஒரு குறை உண்டு. பேட்ச் முறையில், அதாவது திரையில் ஆளில்லாமல் தானாக, ஓட்டும்போது டூ ஃபைல் பிழையில் நின்றாலும் ஸ்டேட்டா வெளியே வரும்போது ஷெல்லிடம் பூஜ்யத்தைத்தான் கொடுக்கும், அதாவது எல்லாம் நன்றாக முடிந்தது என்று. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து டூ ஃபைல்களை வரிசையில் வைத்தால், இரண்டாவது உடைந்தாலும் மூன்றாவது பழைய தரவை எடுத்துக்கொண்டு ஓடும். இத்தனை கவனமாகக் கட்டிய மென்பொருளில் இதை இன்னும் இப்படியே வைத்திருப்பது சரியில்லை. லாக் கோப்பின் கடைசி வரிகளில் அடைப்புக்குறியோடு வரும் பிழை எண்ணைத் தேடும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டை எழுதி, எல்லாரும் அதன் வழியாகவே ஓட்டும்படி செய்திருக்கிறேன். லாக்கின் பெயரும் டூ ஃபைலின் பெயரிலேயே உருவாகும். பகிர்ந்த ஃபோல்டரில் இரண்டு பேர் ஒரே கோப்பை ஓட்டினால் ஒருவர் லாக்கின் மேல் மற்றவர் லாக் விழும். ஆளுக்கொரு வேலை ஃபோல்டர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜன்னல் வைத்த வடிவத்தைத் தொலைவிலிருந்து எக்ஸ் என்ற லினக்ஸ் திரை முறை வழியாகத் திறப்பது மெதுவாக இருக்கும். பழக்கப்பட்டவர்களுக்கு எழுத்து மட்டும் வரும் கன்சோல் போதும். பைத்தான் இணைப்பு பதிப்பு 16இல் வந்தது. எந்தப் பைத்தான் என்பதைப் பொதுக் கோப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை.

ஆரோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: எங்கள் சர்வரில் இரண்டும் இருக்கின்றன. ஆர் இலவசம், பழைய பதிப்புகளும் கிடைக்கும். ஆனால் ஒரு நிலவரைபடப் பேக்கேஜ் நிறுவ ஜிடால், ப்ராஜ் என்று சிஸ்டம் நூலகங்கள் வரிசையாக வேண்டும். உபுண்டுவை மேம்படுத்தினால் பாதியை மறுபடி கம்பைல் செய்ய நேரும். ஸ்டேட்டா பேக்கேஜுகள் பெரும்பாலும் வெறும் உரைக் கோப்புகள். நொடியில் இறங்கும், இயங்குதளம் மாறினாலும் அப்படியே ஓடும். ஜிடூல்ஸ் போல கம்பைல் செய்த பிளகின் வைத்திருப்பவை சிலதான். தினசரிப் பராமரிப்பு நேரத்தை மட்டும் கணக்கெடுத்தால் எனக்கு ஸ்டேட்டாதான் லேசு.

வாங்கப்போகிறவர்கள் உரிமத்தைக் கவனமாகப் படியுங்கள். சர்வருக்கு வேண்டியது தனிநபர் உரிமம் இல்லை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று எண்ணும் நெட்வொர்க் உரிமம். கணக்கு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை அதற்குத் தேவையில்லை; உச்ச நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பதுதான் முக்கியம். தொலைத் திரையில் திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் நீண்ட நேரம் சும்மா கிடக்கும் அமர்வுகளைப் பற்றி முதலிலேயே ஒரு விதி வைத்து, எல்லாருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கோர் எண்ணிக்கையில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இருக்கைகளை, அதாவது ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை, கூட்டுங்கள். எங்கள் வகை வேலையில், எட்டு கோரில் காத்திருப்பதைவிட இரண்டு கோரில் உடனே உட்கார முடிவது ஆய்வாளர்களுக்கு அதிகம் உதவுகிறது.

பதிப்பு 19, 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. வாங்கினாலும் 18ஐ எடுக்கப்போவதில்லை. ஆய்வேட்டின் நடுவில் இருப்பவர்கள் சமர்ப்பிக்கும்வரை அது தன் ஃபோல்டரிலேயே இருக்கும், அதற்கான சைட் பிரதியோடு சேர்த்து.